மந்து, மந்தை, எமனோ

ஊட்டியில பொறந்து வளர்ந்தவன் நான். நீலகிரிப் பழங்குடி தோடர் ஊரை மந்துன்னு சொல்லுவோம், உதகமண்டலத்தை வெள்ளைக்காரன் 'ஊட்டகமண்ட்'னு எழுதினப்போ கடைசியில ஒட்டிக்கிட்டதும் அதேதான். ஆனா அந்த மந்தும் கீழ்நாட்டுல எங்க பாட்டி ஆட்டு மந்தைன்னு சொல்றதும், சங்கப் பாட்டுல ஊர் கூடற இடமா வர்ற மன்றும் ஒரே குடும்பம்னு எனக்கு நாப்பது வயசுலதான் தெரிஞ்சுது, அதுவும் ஒரு கனடாக்காரர் புண்ணியத்துல.

மர்ரே எமனோ, மொழியியல் அறிஞர். பேர்லயே எமனை வச்சுக்கிட்டு 101 வயசு வாழ்ந்த மனுஷன் (1904-2005). யேல்ல சமஸ்கிருதம் படிச்சு வேதாளக் கதைகளைப் பதிப்பிச்சவர், ஆமாங்க நம்ம விக்கிரமாதித்தன் வேதாளம்தான். அப்புறம் 1935ல இந்தியா வந்து மூணு வருஷம் இருந்தாரு, நீலகிரியில தோடர், கோத்தர்கிட்ட உக்காந்து கதையும் பாட்டும் கேட்டுக் கேட்டு எழுதினாரு. இன்னைக்கும் ரெண்டாயிரம் பேர்கூடப் பேசாத மொழிங்க தோடா. நாங்க பக்கத்து மலையிலயே இருந்துக்கிட்டு அவங்க எம்ப்ராய்டரி சால்வைக்கு பேரம் பேசினதோட சரி, ஒரு வார்த்தை கத்துக்கல. வெட்கமாத்தான் இருக்கு.

அந்த உழைப்பெல்லாம் போய்ச் சேர்ந்த இடம்தான் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் தாமஸ் பரோவோட சேர்ந்து 1961ல கொண்டுவந்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, 1984ல திருத்தின ரெண்டாம் பதிப்பு. கண்ணுன்னு தேடிப் பாருங்க. தெலுங்குல கன்னு, தோடாவுல கொண், பலூசிஸ்தான்ல பேசற பிராகூயில கன், ஆனா அந்த 'க' நம்ம 'க' இல்ல, தொண்டையில உரசிக்கிட்டு வரும். சரி ஏதோ தற்செயல்னு நினைச்சா கல்லுக்கும் அங்க அதே உரசல். இப்படி வரிசையா, ஒழுங்கா மாறுதான்னு பாக்கறதுதான் ஆதாரம். வாட்ஸ்அப்ல ரெண்டு வார்த்தை ஒரே மாதிரி கேக்குதேன்னு உலக மொழி எல்லாத்துக்கும் தாய் நாமதான்னு ஃபார்வர்ட் பண்றோமே, அது ஆதாரம் இல்ல. இதைச் சொன்னதுக்கு எங்க குடும்ப குரூப்ல மாமா ஒருத்தர் என்கிட்ட இன்னும் பேசல, விடுங்க.

இன்னொண்ணு. நாம 'டீ கீ குடிச்சீங்களா'ன்னு கேப்போம், இந்திக்காரங்க சாய் வாய்ம்பாங்க. இந்த கீ, வாய்க்கெல்லாம் என்ன அர்த்தம்? ஒண்ணும் கிடையாது. அந்த மாதிரி எதிரொலிச் சொல் தோடாவுல எப்படி வருதுன்னு 1938லயே கட்டுரை எழுதியிருக்காரு! 1956ல இன்னும் பெருசாப் போய், வேற வேற குடும்பத்து மொழிங்க ஒரே நாட்டுல பல நூறு வருஷம் பக்கத்துல பக்கத்துல பொழங்கி ஒண்ணோட குணம் ஒண்ணுக்கு ஒட்டிக்கிச்சு, இந்தியாவே ஒரு மொழிப் பரப்புன்னு சொன்னாரு. தமிழ் தனி, சமஸ்கிருதம் தனின்னு சண்டை போடறவங்க ரெண்டு பக்கத்துக்கும் இது பிடிக்காது, எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஊட்டியில எத்தனையோ வெள்ளைக்காரன் பேர்ல ரோடு இருக்கு, இவர் பேர்ல ஒரு சந்தாவது இருக்கலாம்னு தோணும்.

அகராதி ஆன்லைன்ல ஃப்ரீயாவே கிடைக்குது, சிகாகோ பல்கலைக்கழகம் போட்டிருக்காங்க. ராத்திரி தூக்கம் வரலன்னா அதைத்தான் திறந்து வச்சுக்குவேன். உங்க ஊர்ல மட்டும் புழங்கற வார்த்தை ஒண்ணு கமெண்ட்ல போடுங்க, தேடிப் பாத்துட்டு சொல்றேன்.