பணம் கொடுத்தது யார் என்று கேட்கக் கூடாதா?

ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் நடந்ததைப் பற்றி ஆளுக்கொரு கதை உலவுகிறது. நம் தமிழர் நடத்தும் அமைப்பு ஒன்று அங்கே தன் ஆய்வைப் படைத்தது. பிள்ளைகளின் காலை உணவு பற்றிய அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார் என்றுதான் கேட்டேன். "நாங்கள் இலாப நோக்கமற்ற அமைப்பு ஐயா" என்றார்கள். கைத்தட்டல் எழுந்தது. ஒலிவாங்கி என் கையை விட்டுப் போய்விட்டது.

கேட்டதற்குப் பதில் எங்கே? இலாப நோக்கமற்றது என்பது ஓர் அமைப்பு எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதைச் சொல்லும். ஆய்வு யார் பணத்தில் நடந்தது என்பதைச் சொல்லாது. உணவு நிறுவனங்கள் நிதி தரும் ஆய்வு அமைப்பான இன்டர்நேஷனல் லைஃப் சயின்சஸ் இன்ஸ்டிடியூட் கூட இலாப நோக்கமற்றதுதான். 1978-இல் அதைத் தொடங்கியவர் கோகோ கோலாவின் உயர் அதிகாரி.

"பொய் சொன்னார்கள் என்று நிரூபி" என்கிறார்கள் என் கேள்வியை எதிர்ப்பவர்கள். பொய் என்று நான் எங்கே சொன்னேன்? பொய்யே தேவையில்லை. 1960-களில் அமெரிக்கச் சர்க்கரைத் தொழில்துறை ஹார்வர்ட் ஆய்வாளர்களுக்கு 6,500 டாலர் கொடுத்தது. ஆய்வின் நோக்கத்தை அதுவே வகுத்தது. சேர்க்க வேண்டிய கட்டுரைகளை அனுப்பியது. வரைவையும் வாங்கிப் பார்த்தது. 1967-இல் வெளியான கட்டுரை இதயநோய்க்கான பழியைக் கொழுப்பின் மேல் போட்டது. யார் பணம் என்பது ஊருக்குத் தெரியவந்தது 2016-இல்.

"கம்பெனிகள் தராவிட்டால் யார் ஆய்வு செய்வார்கள்?" நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். வாங்குங்கள். ஆனால் வாங்கியதை முதல் பக்கத்திலேயே சொல்லுங்கள். பாதகமான முடிவு வந்தாலும் வெளியிடும் உரிமை உங்களுக்கு உண்டா என்பதையும் சொல்லுங்கள்.

என் அம்மா படிக்காதவர். பள்ளிக்கூடச் சுவரொட்டியில் டாக்டர் படம் இருந்ததால், சம்பளம் வந்ததும் முதலில் மால்ட் மாவு டின்தான் வாங்குவார். காலையும் மாலையும் இனிக்க இனிக்கக் கலக்கித் தருவார். அந்தப் படத்துக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று அவர் எங்கே போய்க் கேட்பார்? அவரைப் போன்றவர்களுக்காகத்தான் கேட்டேன். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்த இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், அதாவது நீரிழிவு நோய். நம் வீடுகளில் இனிப்புநீர் இல்லாத வீடு எத்தனை?

"தமிழன் நல்லது செய்ய வந்தால் தமிழனே காலை வாருகிறான்" என்று எழுதியிருக்கிறார்கள். அதில் இருவர் என்னிடம் படித்தவர்கள். மனம் வலிக்கிறது. கேள்வி கேட்கச் சொல்லித்தானே பாடம் நடத்தினேன்? நம் இனத்தவர் நடத்துகிறார்கள் என்பதால் நம் பிள்ளைகளின் தட்டில் விழுவதைப் பற்றி வாய் திறக்கக் கூடாதா?

அடுத்து கிள்ளானில் இதே ஆய்வைப் படைக்கப் போகிறார்களாம். அதற்குள் நிதி தந்தவரின் பெயரையும் ஒப்பந்த விதிகளையும் வெளியிடுங்கள். வெளியிட்டால் இந்தப் பதிவிலேயே பகிர்கிறேன். இல்லையென்றால் கிள்ளானுக்கும் வருவேன்.