டாப் ஸ்டேஷனுக்குப் போனது தேயிலைப் பெட்டி, டூரிஸ்ட் இல்லை

நேற்றிலிருந்து எல்லார் ஃபேஸ்புக் சுவரிலும் ஓடுகிற அந்த 'மூணாறின் மறைந்த உல்லாச ரயில்' படத்தைப் பற்றித்தான். உற்றுப் பாருங்கள், தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம் தெரிகிறது, ஏற்றத்தில் எஞ்சினின் பற்சக்கரம் பிடித்து ஏற. அது கல்லாறு–குன்னூர் பாதை, மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலம். ஊட்டி ரயில்! மூணாறில் ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் 610 மி.மீ. அகலம்.

படம் போகட்டும். 'உல்லாச ரயில்' என்பதுதான் உறுத்துகிறது. தேயிலையை இறக்கப் போட்ட சரக்குப் பாதை அது.

1902-இல் முதலில் வந்தது ஒற்றைத் தண்டவாளம், ஈவிங் முறை. சாலையோரம் ஒரே ஒரு தண்டவாளம். வண்டியின் சிறு சக்கரங்கள் அதில் ஓடும், பாரத்தில் பெரும்பங்கு அதன்மேல். சாயாமல் தாங்க, பக்கவாட்டில் ஒரு பெரிய சக்கரம் சாலையில் உருளும். போட மலிவு. ஆனால் சாலை சேறானால் அந்தச் சக்கரம் புதையும். 1908-இல் குறுகிய ரயில் பாதையாக மாற்றினார்கள். வழி: மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு, கடைசியில் மலைமேல் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து ரோப்வேயில் கிழக்கே தமிழ்நாட்டுப் பக்கம், மலையடியில் இருக்கும் கொட்டக்குடிக்கு. மாட்டு வண்டியில் போடிக்கு. போடிக்கு அப்போது ரயில் இல்லை, பிறகும் வண்டியிலேயே போய் அம்மையநாயக்கனூரில் ரயிலேற்றி தூத்துக்குடிக் கப்பலுக்கு. இத்தனை கை மாறிய பெட்டிக்குப் பெயர் உல்லாசமா?

"ஆட்களும் ஏறியிருப்பார்களே?" ஏறியிருக்கலாம். லாரியிலும்தான் ஆள் ஏறுகிறார்கள், அது டவுன் பஸ் ஆகிவிடுமா?

"போடிக்காரன், எல்லாத்தையும் கிழக்கே இழுக்கிறான்" என்று ஒரு கமெண்ட். நான் இழுக்கவில்லை ஐயா, தேயிலைக் கம்பெனி இழுத்தது. 'டாப் ஸ்டேஷன்' என்ற பெயரே இந்தச் சரக்கு நிலையத்தால் வந்தது. அங்கே நின்று செல்ஃபி எடுப்பவர்களில் எத்தனை பேர் கீழே கொட்டக்குடிப் பக்கம் பார்த்திருப்பார்கள்?

1924 ஜூலை வெள்ளம், மலையாளிகள் சொல்லும் 'தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம்' (அவர்கள் கணக்கில் கொல்லம் ஆண்டு 1099), பாதையை அடித்துப்போனது. போடிக்கு மதுரையிலிருந்து ரயில் வந்ததோ 1928-இல்! நாலு வருஷம் முந்தியிருந்தால் அந்த மாட்டு வண்டிப் பயணமும் கொட்டக்குடி–போடியோடு முடிந்திருக்கும். 1935-இல் கொச்சி சாலையில் நேரியமங்கலம் பாலம் திறந்தபின் மேற்கே லாரிக்கு வழி கிடைத்துவிட்டது. கிழக்கு வாசலை யார் நினைக்கப் போகிறார்கள்?

அந்தப் போடி ரயிலையும் 2010 கடைசியில் அகலப்பாதைக்காக நிறுத்தினார்கள். திரும்ப ஊருக்குள் வந்தது 2023 ஜூனில். பன்னிரண்டரை வருஷம். இப்போது 'ஐயோ, மறைந்த ரயிலே' என்று உருகுகிறவர்கள் யாரும் அப்போது ஒரு சோக ஸ்மைலி கூடப் போடவில்லை.