யனகாவில் காலை உணவு

டோக்கியோவின் பழைய பகுதியான யனகாவில் காலை உணவுக்கு யனகா கின்சா கடைத்தெருவுக்குச் செல்லலாம் என்று ஒரு பயணக் கட்டுரை சொல்கிறது. ஆனால் அங்குள்ள கடைகளில் பெரும்பாலானவை காலை 10 மணிக்கு மேல்தான் திறக்கின்றன என்பதால், பசியோடு முன்னதாகவே செல்பவர்கள் ஏமாந்துபோவார்கள்.

1923-ஆம் ஆண்டின் பெரும் நிலநடுக்கத்திலும் பின்னர் போர்க்காலக் குண்டுவீச்சிலும் யனகா பெருமளவு தப்பியதால்தான் அங்கே மரவீடுகள் இன்னும் நிலைத்திருக்கின்றன. அவற்றுள் 1916-இல் கட்டப்பட்ட ஒரு வீட்டில் 1938-இல் தொடங்கப்பட்ட கயாபா காப்பிக்கடையையே நான் மனமாரப் பரிந்துரைப்பேன். 2006-இல் மூடப்பட்ட அக்கடை, பகுதியின் பழமையைக் காக்க முனைந்தவர்களின் முயற்சியால் 2009-இல் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த அக்கறைக்காகவே ஒருமுறை செல்லலாம். தடிமனான முட்டை அடையை மெத்தென்ற ரொட்டிக்குள் வைத்துத் தரும் சாண்ட்விச்சும், காப்பியையும் கோகோவையும் கலந்த 'ரஷ்யன்' என்னும் பானமும் அங்கே பெயர்பெற்றவை. மாடியில் தத்தாமி என்னும் ஜப்பானியப் பாய் விரித்த அறையில் கால்களை மடக்கி அமர்ந்து உண்ணலாம்.

சோறும், புளிக்கவைத்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப்பும் விரும்புவோருக்கு, 1955-இல் கட்டப்பட்ட மரக் குடியிருப்பைப் புதுப்பித்து உருவாக்கிய ஹகிசோ என்னும் இடத்திலுள்ள உணவகம் ஏற்றது. ஆயினும் மிசோ சூப்பின் அடிச்சாறு பெரும்பாலும் உலர்மீனில் எடுக்கப்படுவதால், சைவ உணவினர் கேட்டறிந்த பின்னரே வாங்க வேண்டும்.