அக்கா சொன்ன "ஓகே"

போன மாதம் அக்காவுக்கு, இங்கே சிங்கப்பூரில் உதவித்தொகை கொடுக்கும் அலுவலகத்திலிருந்து ஓர் அழைப்பு. வேலையிடத்தில், ஒரு கையில் மாப்போடு நின்றுகொண்டே எடுத்திருக்கிறார். "மேடம், இப்ப மாசம் 60 வெள்ளி கட்டுறீங்க. 150 ஆக்க முடியுமா?" அக்கா "ஓகே, ஓகே" என்று சொல்லி வைத்துவிட்டார். ராத்திரி எனக்குப் போன். "தம்பி, 150க்கு நான் எங்க போவேன்?"

மகன் தேசிய சேவை முடித்து வேலைக்குப் போனதை அக்கா தாமதமாகச் சொன்னார். அதற்குள் அவர் வாங்கிவந்த உதவித்தொகையில் 2,340 வெள்ளி கூடுதலாக வந்துவிட்டது. திருப்பிக் கட்டச் சொன்னார்கள். நியாயம்தான், பொதுப்பணம். 14 மாதம் தவறாமல் கட்டி 840 முடித்திருக்கிறார். இன்னும் 1,500 பாக்கி.

பாக்கியைக் கேட்பது அந்த அதிகாரியின் வேலை, கேட்டார். எனக்கு எரிச்சல் அந்த "ஓகே" மேல்தான். நம் ஆட்களுக்கு "என்னால முடியாது" என்று சொல்ல நாக்கு வராது. மானப் பிரச்சினை. அங்கே தலையாட்டிவிட்டு இங்கே தேக்கா அடகுக்கடையில் வளையலை வைப்பார்கள். முடியுமா என்று கேட்டால் அது கேள்வி. யோசித்துப் பதில் சொல்ல நமக்கு நேரம் உண்டு. "வீட்டுக் கணக்கைப் பார்த்துட்டு எழுத்துல சொல்றேன்" என்றால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

சனிக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். பில்லெல்லாம் ஒரு பழைய மைலோ டின்னில் இருந்தது. கொட்டிப் பிரித்தோம். வாடகை, நகர மன்றக் கட்டணம், பலதுறை மருந்தகத்து நீரிழிவு மாத்திரை, பேருந்து அட்டை. அக்கா மேலே எடுத்து வைத்த மின்சார பில்லைப் பார்த்தால் தொகை ரொம்பக் குறைவு. ஏனென்றால் அது ஜனவரி பில், யூ-சேவ் என்ற அரசாங்கத் தள்ளுபடி கழிந்தது. அந்தத் தள்ளுபடி ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் வரும். அந்த ஒரு பில்லை மட்டும் காட்டினால், கணக்குப் பார்ப்பவர் அக்காவிடம் காசு மிஞ்சுகிறது என்றுதானே நினைப்பார்? பிப்ரவரி, மார்ச் பில்களையும் சேர்த்து வைத்தேன். மகனின் ஒப்பந்த வேலை முடிந்துபோனதையும், இப்போது உணவு விநியோகத்தில் வாரத்துக்கு வாரம் மாறும் வருமானத்தையும் எழுதினோம். எல்லாம் போக, கடன் கட்ட மிஞ்சியது 70 வெள்ளி சொச்சம். தீபாவளிக்கு ஒரு காசுகூட ஒதுக்காமல்!

அப்புறம் ஒரு பக்கக் கடிதம். போனில் சம்மதித்தது கணக்குப் பார்க்காமல் சொன்னது, 60ஐத் தொடர்ந்து கட்டுகிறேன், ஆறு மாதம் கழித்து மறுபடி பாருங்கள் என்று. கூடவே, எந்தெந்த மாதத்துக்கு எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கப்பட்டது என்ற விவரத்தையும் கேட்டோம். இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் ரோபோடெட் என்ற திட்டத்தில், ஆண்டு வருமானத்தை இரண்டு வாரத்துக்கு இவ்வளவு என்று சமமாகப் பங்குபோட்டு, இல்லாத கடனையெல்லாம் ஏழைகள் தலையில் கட்டினார்கள். அது சட்டவிரோதம் என்று பிற்பாடு தெரிந்தது, 2023இல் அரச விசாரணை அறிக்கையே வந்தது. அக்கா கணக்கில் தப்பு இருக்கிறது என்று சொல்லவில்லை. ஆனாலும் கட்டுகிறவருக்குக் கணக்குத் தெரிய வேண்டாமா?

"வரிப்பணம், சீக்கிரம் கட்டினால் என்ன?" என்று இங்கே ஒருவர் நிச்சயம் கேட்பார். 150 கட்டிவிட்டு மூன்றாவது மாதம் சாப்பாட்டுக்கு மறுபடி உதவி கேட்டுப் போனால் யாருக்கு லாபம்? பிரிட்டனில் யுனிவர்சல் கிரெடிட் என்ற அரசாங்க உதவித்தொகை வாங்குபவரின் அடிப்படைத் தொகையில் கடனுக்காகப் பிடிப்பது 25 விழுக்காடு வரை போகலாம் என்றிருந்தது. 2025 ஏப்ரலில் அதை 15 ஆக்கினார்கள். மெதுவாக வந்தாலும் வந்துகொண்டே இருந்தால் போதும் என்ற கணக்குதான்.

அலுவலகம் ஒத்துக்கொள்ளாவிட்டால், நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போய் அவரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம் என்றிருந்தேன். தேவைப்படவில்லை. இரண்டு வாரத்தில் பதில் வந்தது: 60ஏ போதும், ஆறு மாதத்தில் மறுபரிசீலனை. கணக்கு விவரமும் இணைத்திருந்தார்கள்.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அக்கா மடித்து மைலோ டின்னுக்குள் வைத்தார். அப்புறம் மெதுவாக, "பாவம், அந்தப் பிள்ளை மரியாதையாத்தான் கேட்டுச்சு. 65ன்னாவது சொல்லியிருக்கலாமோ தம்பி?"