பதிலைக் கேட்டுவிட்டுப் போங்களேன்

இசைத்தட்டுக் கடையில் வேலை பார்ப்பவனிடம் "உங்களுக்கு யார் பாட்டு பிடிக்கும்?" என்று கேட்டால், பதிலையும் கேட்க வேண்டாமா? "இளையராஜாதானே!" என்று கடைக்கு வருகிறவர்களே முடித்துவிடுகிறார்கள். தினமும் இதே கதை. ராஜா பிடிக்கும்தான், யாருக்குப் பிடிக்காது? ஆனால் என் காதைத் திறந்தது நாதஸ்வரம். கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கர் வழியாகக் கேட்ட சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு. நம்ம மதுரைக்காரர்கள். 1968-ல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் சிவாஜிக்காக வாசித்தது அவர்கள்தான் என்றால், "அப்படியா, யாரு அவங்க?" என்கிறார்கள். அப்புறம் கர்நாடக சங்கீதப் பாடகர் மதுரை சோமு? அந்தத் தட்டைக் கையில் கொடுத்தால்கூடத் திருப்பிப் பார்ப்பதில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி 1916-ல் பிறந்தது இந்த மதுரையில். சினிமாப் பாடகர் டி.எம்.எஸ். பிறந்ததும் இதே ஊரில். இத்தனை பேரைப் பெற்ற மண்ணில் நின்றுகொண்டு, எனக்கு ஒரே ஒருவர் பாட்டுதான் தெரியும் என்று எப்படி ஐயா முடிவு கட்டுகிறீர்கள்?