எங்களிடம் நன்றி கேட்காதீர்கள்

மூன்று நாளாகப் பேசாமல்தான் இருந்தேன். 1987இல் இங்கே வந்த இந்திய அமைதிப்படை பற்றிய அந்த நேரலையை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் அந்த வெட்டித் துண்டு வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்திருக்கும். "மட்டக்களப்பில் மாலை போட்டு வரவேற்றார்கள், பிறகு நன்றி மறந்துவிட்டார்கள்" என்றார் அந்த ஓய்வுபெற்ற இந்திய அதிகாரி. அவர்மீதுகூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. கூட இருந்தவர்களை இங்கே இழந்துவிட்டுப் போன மனுசன், தன் படைக்காகப் பேசுகிறார். எனக்கு வலித்தது, எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அதை இதயக்குறி போட்டுப் பகிர்ந்ததுதான். "உண்மைதானே, அவங்க இருந்திருந்தா கிழக்கு இப்படி ஆகியிருக்காது" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி பிறந்தது 1996இல். அவருடைய அம்மாவும் நானும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம்.

மாலை போட்டது உண்மை. நான் மறுக்கவில்லை. எங்கள் வளவில் நின்ற செவ்வரத்தம்பூவை அம்மம்மாதான் ஆய்ந்து கொடுத்தார். ஏன் போட்டோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த 1987 ஜனவரியில்தான் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணையில் இலங்கை அரசின் அதிரடிப்படை வந்து சனத்தைச் சுட்டது. மே மாதம் வடமராட்சியில் இலங்கை இராணுவத்தின் பெரிய தாக்குதல். ஜூன் 4ஆம் தேதி இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தில் உணவுப் பொதி போட்டன என்று ரேடியோவில் கேட்டு அம்மம்மா அழுதார். இனியாவது ராவில் கண்ணயரலாம் என்று நம்பின சனம் போட்ட மாலை அது. மாலை போட்டோம், கடன்சீட்டு எழுதிக் கொடுக்கவில்லை.

நன்றி, நன்றி என்கிறீர்கள். எதற்கு என்று சொல்லுங்கள்.

1987 ஜூலை 29ஆம் தேதி கொழும்பில் ஒப்பந்தம் எழுதினார்கள், அதோடுதான் இந்தியப் படை வந்தது. கையெழுத்துப் போட்டது இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனவும். தமிழன் ஒருவனின் கையெழுத்தும் அதில் இல்லை, முஸ்லிம் ஒருவரின் கையெழுத்தும் இல்லை. ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களில் என்ன இருந்தது என்று அந்தத் தம்பி வாசித்துப் பார்க்க வேண்டும். திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குப் பாதகமாக வேறு நாட்டுப் படை பயன்படுத்தக் கூடாது, அங்குள்ள, எண்ணெய் சேமிக்கும் குதங்களை இரண்டு நாடும் சேர்ந்து நடத்த வேண்டும், வெளிநாட்டு வானொலி நிலையங்களை உளவு வேலைக்கு விடக் கூடாது. ஒரு நாடு தன் பாதுகாப்பைப் பார்ப்பது குற்றம் என்று நான் சொல்லவில்லை. தன் தேவைக்கு வந்தவர்கள் எங்களிடம் நன்றி கேட்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

எங்கள் பெயரில் இருந்த வாக்குறுதிகளுக்கு என்ன ஆனது? வடக்கோடு சேர்ந்திருப்பதா பிரிந்திருப்பதா என்று கிழக்குச் சனத்திடம் 1988 டிசம்பர் 31க்கு முன் வாக்கெடுப்பு வைப்போம் என்றார்கள். இன்றுவரை எங்களிடம் யாரும் கேட்கவில்லை. 2006இல் உயர்நீதிமன்றம் வடக்கு கிழக்கு இணைப்பு செல்லாது என்றது, பிரித்தார்கள். அப்போதும் எங்களிடம் கேட்கவில்லை. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டம்பரில் முடிந்தது, அதன் பிறகு தேர்தலே இல்லை. ஆனால் எண்ணெய்க் குதங்களை மறக்கவில்லை. கிட்டத்தட்ட 35 வருசம் கழித்து, 2022 ஜனவரியில், 99 குதங்களில் 61ஐக் கூட்டு நிறுவனத்துக்கு என்று எழுதி முடித்துவிட்டார்கள். வாக்கெடுப்பும் குதமும் 1987இல் ஒரே நாளில் எழுதின கடதாசிகள்தான். குதத்துக்கு ஞாபகம் இருந்தது, எங்களுக்கு இல்லை.

1987 அக்டோபர் 10ஆம் தேதி இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கியது. அதற்கு மேல் அவர்களைச் சனம் அமைதிப்படை என்று சொல்லவில்லை. இந்தியன் ஆமி என்றுதான் சொன்னது. சுற்றிவளைப்பு, ஆள் காட்டிக்கொடுக்கும் தலையாட்டி, வெயிலில் வரிசையாகக் குந்தியிருந்த ஆம்பிளைகள் எல்லாம் எங்கள் வயதுக்காரர் எல்லாருக்கும் தெரியும். அதை விடுங்கள், நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

1988 ஏப்ரல். எனக்கு 12 வயது. அம்மம்மா என்னை மாமாங்கத்துக்குக் கூட்டிப் போனார். கோயிலுக்கு என்றுதான் நான் நினைத்தேன். உள்ளே போகவில்லை, குருந்த மரத்தடிக்குப் போனோம். அங்கே பூபதி அம்மா படுத்திருந்தார். சுற்றிவர அன்னையர் முன்னணிப் பெண்கள். ஒருவர் பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டே இருந்தார், கை மாற்றி மாற்றி. படுவான்கரையிலிருந்து வள்ளத்தில் வந்த சனம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது. "பத்துப் பிள்ளை பெத்தவ மனே" என்றார் அம்மம்மா. வேறொன்றும் சொல்லவில்லை. மார்ச் 19இல் தொடங்கிய உண்ணாநோன்பு. சண்டையை நிறுத்துங்கள், புலிகளோடு பேசுங்கள் என்று இரண்டே கோரிக்கை. பெரிய கோரிக்கையா இது? நாடு கேட்டாரா? ஏப்ரல் 19ஆம் தேதி உயிர் போனது. காந்தி பிறந்த நாட்டின் படைக்கு முன்னால் தாய் ஒருத்தி ஒரு மாதம் சாப்பிடாமல் கிடந்து செத்தார். நன்றி மறந்தவர்கள் நாங்களாம்.

இதை எழுதினால் என்ன வரும் என்று தெரியும். போன தடவையும் வந்தது.

"சண்டையை புலிகள் இயக்கம்தானே தொடங்கியது?" அதைப் பற்றி நிறைய வாதம் இருக்கிறது, வைத்துக்கொள்ளுங்கள். ஆயுதம் தூக்காத சனம் ஏன் செத்தது என்பதற்கு அது பதில் இல்லை.

"ராஜீவ் காந்தியைக் கொன்றீர்களே?" நான் கொல்லவில்லை. என் அம்மம்மா கொல்லவில்லை. அந்தக் கொலை பிழை, இதை 20 வருசமாகச் சொல்கிறேன். அது நடந்தது 1991 மே 21. பூபதி அம்மா செத்தது அதற்கு மூன்று வருசத்துக்கு முன்னால். பின்னால் நடந்ததைக் காட்டி முன்னால் நடந்ததை நியாயப்படுத்த முடியாது.

"இயக்கம் செய்ததை ஏன் சொல்லவில்லை?" சொல்கிறேன். 1990 ஆகஸ்ட் 3ஆம் தேதி காத்தான்குடியில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது புலிகள்தான். அதற்கு ஒரு சமாதானமும் இல்லை. காத்தான்குடி நண்பர்கள் ஆண்டுதோறும் சூடு பட்ட அந்தப் பள்ளிவாசல் சுவரைக் காட்டிப் பேசுகிறார்கள், பேச வேண்டும். நான் கேட்பதும் அதே உரிமையைத்தான். ஒரு சாவைச் சொன்னால் இன்னொரு சாவைக் கொண்டுவந்து வாயை மூடாதீர்கள்.

அப்புறம் அந்தச் சிப்பாய்கள். கல்லடிப் பாலத்துச் சென்றியில் காவலுக்கு ஒருவர் நின்றார், ராமநாதபுரம் பக்கத்துக்காரர். அம்மம்மாவைக் கண்டால் "ஆத்தா" என்று கூப்பிடுவார். ஒருநாள் உப்புக்கண்டம் கேட்டார், அது என்னவென்று எங்களுக்குத் தெரியவில்லை. அம்மம்மா கருவாடு பொரித்துக் கொடுத்துவிட்டார். உங்களைக் காப்பாற்றப் போகிறோம் என்று சொல்லித்தான் தங்களை ஏற்றி அனுப்பினார்கள் என்று அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பிறகு அவரைக் காணவில்லை. மாற்றலாகிப் போனாரா, செத்துப் போனாரா தெரியாது. செத்திருந்தால் கோட்டேயில் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அமைதிப்படை நினைவுத்தூபியில் அவர் பெயர் இருக்கும். அங்கே ஏறக்குறைய 1,200 பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. 2025 ஏப்ரலில் மோடி வந்தபோதும் அங்கே போய் மலர்வளையம் வைத்தார். வைக்கட்டும். செத்த பிள்ளைக்கு அவனுடைய நாடு மலர் வைக்கத்தான் வேண்டும். அந்த ராமநாதபுரத்துக்காரருக்கு நானும் வைப்பேன்.

எங்கள் பெயர் எங்கே? அதைத்தான் கேட்கிறேன், திரும்பத் திரும்ப அதைத்தான் கேட்கிறேன். 1987 அக்டோபரிலிருந்து 1990 மார்ச் 24இல் கடைசிக் கப்பல் திருகோணமலையை விட்டுப் போகும்வரை இங்கே செத்த, காணாமல் போன சனத்தின் பெயர்ப்பட்டியலை எந்த அரசாங்கம் வெளியிட்டிருக்கிறது? டெல்லியா, கொழும்பா? 1987 அக்டோபரில் யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் இந்தியன் ஆமியால் கொல்லப்பட்ட பணியாளர்களின் படத்தையாவது ஒவ்வொரு அக்டோபரும் வைத்து விளக்கேற்றுகிறார்கள். எங்கள் பக்கம் அதுவும் இல்லை. கிழக்கு என்றால் எப்போதும் கடைசி வரியில்தான். சண்டைக்குப் பிள்ளை வேண்டும் என்றால் மட்டும் முதல் வரி. இதைச் சொன்னால் பிரதேசவாதம் என்பார்கள். என்னவென்றாலும் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு இது வலிக்கிறது.

என் மாமாவின் குடும்பம் அம்பாறைக் கரையோரத்தில் இருந்தது. மச்சானுக்கு 17 வயது, உயர்தரம் படித்தார். 1989 நடுப்பகுதியில் ரியூசன் முடிந்து சைக்கிளில் வரும்போது பிடித்துக்கொண்டு போனார்கள். பிள்ளைபிடி காலம் அது. இந்தியாவின் ஆதரவோடு சில தமிழ்க் குழுக்கள் தமிழ்த் தேசிய இராணுவம் என்று ஒன்றைக் கட்டின, அதற்கு ஆள் சேர்த்தது இப்படித்தான். பிடித்த குழு எது என்று நான் எழுதப் போவதில்லை, ஊரில் எல்லாருக்கும் தெரியும். மாமி தேடிப் போனபோது மொட்டையடித்து வைத்திருந்தார்கள். ஓடிப் போனால் அடையாளம் தெரியவாம். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று "சைக்கிள் ரியூசன் கொட்டிலடியில கிடக்கு, எடுத்து வையுங்கம்மா" என்று சொன்னாராம். தன்னை எடுக்கச் சொல்லவில்லை.

அந்த வருசக் கடைசியில் இந்தியன் ஆமி அம்பாறையை விட்டு வெளிக்கிட்டது. வெளியேறச் சொல்லி ஜனாதிபதி பிரேமதாச கேட்டிருந்தார், டெல்லியிலும் ஆட்சி மாறுகிற நேரம். அவர்களுக்குத் தேதி வந்துவிட்டது, போனார்கள். துவக்கைப் பிடிக்கவே சரியாகத் தெரியாத அந்தப் பிள்ளைகளை முகாமில் விட்டுவிட்டுப் போனார்கள். புலிகள் வந்தார்கள். மச்சான் வரவில்லை.

"அவங்க இருந்திருந்தா" என்று எழுதின தம்பி, இதைக் கொஞ்சம் யோசியுங்கள். வெளியிலிருந்து வரும் படை யாருக்காகவும் இருக்காது. தன் தேதிக்கு வரும், தன் தேதிக்குப் போகும். இன்றைக்கு வேறு நாட்டுச் சண்டைகளில் எந்தப் பெரிய நாட்டுப் படை நுழைந்தாலும் எங்கள் பிள்ளைகள் கிரிக்கெட் பார்ப்பதுபோல் கைதட்டுகிறார்கள். அந்த ஊரிலும் கம்பிக்கு இந்தப் பக்கம் ஒரு மாமி நிற்பார் என்று ஏன் உங்களுக்குத் தோன்றவில்லை?

நாலு வருசத்துக்கு முன் மாமியைக் கூட்டிக்கொண்டு ஓர் அலுவலகத்தில் மச்சான் காணாமல் போன விவரம் பதியப் போனேன். "கொண்டுபோனது ஆர், ஆமியா இயக்கமா?" என்று கேட்டார்கள். மாமி சொல்லச் சொல்ல எழுதுகிற பிள்ளைக்கு எங்கே எழுதுவது என்று தெரியவில்லை. பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தது. அந்தப் பிள்ளையின் பிழை இல்லை. மாமி போன வருசம் கண்ணை மூடிவிட்டார்.

ஆகவே கருத்துப் பெட்டியில் என்னோடு வாதத்துக்கு வர வேண்டாம், இந்த முறை பதில் எழுத மாட்டேன். உங்கள் வீட்டில், உங்கள் ஊரில் அந்த இரண்டரை வருசத்தில் போனவர்களின் பெயரை எழுதுங்கள். யாருடைய கையால் போயிருந்தாலும் சரி, தமிழர், முஸ்லிம், சிங்களவர் யாராக இருந்தாலும் சரி. பெயர், ஊர், வயது, தேதி தெரிந்தால் தேதி. தெரியாவிட்டால் "மாரி காலம்" என்றாவது எழுதுங்கள். மச்சானின் பெயரை முதலாவது கருத்தில் எழுதியிருக்கிறேன்.