புள்ளிக் கணக்கு அல்ல

இன்டர்செக்‌ஷனாலிட்டி (ஒருவரின் இனம், பால் போன்ற அடையாளங்கள் ஒன்றோடொன்று பின்னிப் பாதிப்பதைப் பார்க்கும் கோணம்) என்றால், சமூகப் பணியில் உதவி பெற வரும் பயனாளியின் இனம், பால், ஊனம் ஒவ்வொன்றுக்கும் புள்ளி போட்டுக் கூட்டுவது என்று ஒரு கருத்து சொல்லப்படுகிறது. அது சரியல்லங்க.

1989-இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா இந்தச் சொல்லை முன்வைத்த கட்டுரையில் அலசிய வழக்கு ஒன்று: கடைசியில் சேர்ந்தவரை முதலில் நீக்கும் விதியால் வேலை இழந்த ஐந்து கறுப்பினப் பெண்கள் ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனத்தின் மீது தொடுத்தது. நிறுவனம் பல ஆண்டுகளாகப் பெண்களை வேலைக்கு எடுத்து வந்ததால் பால் பாகுபாடு இல்லை என்றது 1976 தீர்ப்பு. அப்படி எடுக்கப்பட்டவர்கள் வெள்ளையினப் பெண்கள்! கறுப்பினப் பெண்கள் பிந்தித்தான் எடுக்கப்பட்டார்கள்; அதனால் முதலில் நீக்கப்பட்டதும் அவர்கள்தான். இனத்தையும் பாலையும் சேர்த்து வாதிடவும் நீதிமன்றம் விடவில்லை. தனித்தனியாக எண்ணிக் கூட்டினால் இந்தப் பாதிப்பு கண்ணில் படவே படாது. அதனால்தான் பயனாளியைப் பற்றிச் சமூகப் பணியாளர் எழுதும் கேஸ் குறிப்பில் 'எத்தனை பாதகம்' என்பதைவிட 'எந்த விதி இவரை வெளியே நிறுத்துகிறது' என்ற கேள்வி முக்கியம்.

'டிகிராஃபன்ரீட் எதிர் ஜெனரல் மோட்டார்ஸ்' என்று ஆங்கிலத்தில் தேடித் தீர்ப்பையே படித்துப் பாருங்கள்.